குளத்தில் மீதி இருந்தது அண்ணன் பங்கு

பாபு கேட்டதால் இதை எழுதுகிறேன். படூர் ஃபிளாட்டில் புதிதாக நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். கம்பெனி வேறு, அது விற்கிற கிரிப்டோ டோக்கன் வேறு. ஆனால் அதே ஹால், அதே வேலை. டோக்கன் வாங்கியவர்களின் தமிழ்க் குழுவில் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை.

"உனக்கு ஆனத எழுதிக் குடு சுகு. நான் சொன்னா அட்வைஸுன்னு நெனச்சிகினு போய்டுவானுங்க" என்றான் பாபு.

எனக்கு இருபத்து நாலு வயது. இந்த வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவள் என்று அவன் சொல்வது என்னைத்தான். பத்தாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதைப் பாபு சொல்லித் தருவான். நான் சொல்லப்போவது ஒரு வியாழக்கிழமையைப் பற்றி. அன்றைக்கு என் அண்ணன் உயிரோடு இல்லை. அவன் போட்ட காசு மட்டும் குளத்தில் கிடந்தது. அண்ணியும் கைக்குழந்தையும் அதை நம்பித்தான் இருந்தார்கள்.

குளம் என்று எழுதுவது எங்கள் பழக்கம். ஆங்கிலத்தில் pool என்று சொல்கிற சொல்லை அப்படியே தமிழில் எழுதினால் குழுவில் சிரித்துத் தொலைப்பார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு அது ஒன்றுமே விளங்கவில்லை. அண்ணன்தான் ஷேர் ஆட்டோவில் வரும்போது சொன்னான். அவன் முன்னாடி மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் கடையில் இருந்தவன். அதற்கப்புறம் சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வாங்கி, படூர் அபார்ட்மெண்டுகளுக்குத் தண்ணி கேன் போட்டான். அப்படிக் கேன் போடப் போன ஃபிளாட்டில்தான் அவனுக்கும் எனக்கும் இந்த வேலை கிடைத்தது.

"மாபலிபுரத்துல வெள்ளக்காரங்களுக்கு டாலர் மாத்திக் குடுக்கற கட கீதுல்ல? கல்லாவுல ஒரு ஆளு குந்திகினு இருப்பான். அந்த ஆளத் தூக்கிடு. ரெண்டு டப்பா மட்டும் வை. ஒண்ணுல டாலரு, ஒண்ணுல நம்ம டோக்கனு. வர்றவன் இதுல போட்டுட்டு அதுல எடுத்துகினு போவான்."

"ரேட்டு யாரு சொல்றது?"

"டப்பாவே சொல்லும். எது கொறையுதோ அதுக்கு ரேட்டு ஏறும். எது ரொம்புதோ அதுக்கு எறங்கும்."

"ஆளு இல்லன்னா எவனாவது அள்ளிகினு போய்ட மாட்டானா?"

"ஒண்ணு போடாம இன்னொண்ணு எடுக்க முடியாது. பூட்டு அப்படி."

"அந்த டாலர மொதல்ல யாரு வெச்சது?"

"என்ன மாதிரி ஏமாளிங்கதான்" என்று சிரித்தான். "ரெண்டு டப்பாவுலயும் சமமாப் போட்டு வெச்சா, மாத்திகினு போறவன் ஒவ்வொருத்தனும் கொஞ்சம் கமிஷன் உட்டுட்டுப் போவான். அவங்கவங்க பங்குக்குத் தக்க அது வந்துகினே இருக்கும். கேன் தூக்க வேணாம், மாடி ஏற வேணாம்."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திரும்பி, "அப்டி ஒரு டப்பா எங்க கீது தம்பி?" என்று கேட்டார். "ஆகாசத்துல கீது நைனா" என்றான் அண்ணன். ஆட்டோவே சிரித்தது.

நான் அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வியை ஒரு வருஷம் கழித்து அணுபுரத்துக்காரர் ஒருவர் கேட்டார். நல்ல வேலையில் இருப்பவர், மரியாதையாகப் பேசுவார். பாதிக்குப் பாதி என்று குளத்தில் போட்டிருந்தார். ஒருநாள் கூப்பிட்டார்.

"அம்மா, என் டாலர் குறைஞ்சிருக்கு, டோக்கன் கூடியிருக்கு. நான் எதையும் தொடலையே?"

"டோக்கன் வெல கொஞ்சம் எறங்கிச்சி சார். வித்தவங்க டோக்கனக் குளத்துல போட்டுட்டு டாலர எடுத்துகினு போனாங்க. அதான் சார்."

"அப்போ விலை விழ விழ, விழற பொருளை என் காசு வாங்கிட்டே இருக்கு. எனக்குத் தெரியாமலேயே. சரியா?"

"ஆமா சார். ஆனா கமிஷன் வருது சார்."

"கமிஷன் இருக்கட்டும். நிறுத்தறது யாரு?"

"நீங்க உங்க பங்க எடுத்துட்டா நிக்கும் சார்."

"நான் தூங்கிட்டிருந்தா?"

விசாரித்துச் சொல்கிறேன் சார் என்றேன். அவர் அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அண்ணனிடம் சொன்னபோது, "அவரு அப்டித்தான், எல்லாத்துக்கும் அலாரம் கேப்பாரு" என்று சிரித்தான். எனக்கும் அது அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

கடையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் காது இருக்கிறது. ஊரில் ஏதோ கெட்ட சேதி என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவான். குளத்துக்குக் காது கிடையாது. ஊரே ஓடிவந்து டோக்கனைக் கொட்டினாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இதை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குழுவில் உங்களிடம் பேசுகிறவர்களுக்கு இது தெரியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எங்களுக்கு மேலே ஒரு சார் இருந்தார். அவரை நாங்கள் ஸ்கிரீனில்தான் பார்த்திருக்கிறோம். குளம் பெரிதாகத் தெரிந்தால்தான் வெளியாட்கள் நம்புவார்கள், வேலை செய்கிறவர்களும் போடுங்கள் என்றார். நான் கொஞ்சம் போட்டு, கொஞ்ச நாளில் எடுத்துவிட்டேன். பாபு போடவே இல்லை; சம்பளத்தில் பாதியாக எங்களுக்குக் கொடுத்த டோக்கனை அவனும் நானும் அப்படியே வைத்திருந்தோம். அண்ணன் லோடு ஆட்டோவை விற்று அந்தக் காசைப் போட்டான், அண்ணியின் செயினை விற்ற காசையும் போட்டான். படூரில் லீஸுக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போய்விட வேண்டும் என்பது கணக்கு.

குளத்தில் போட்ட பங்கை எடுக்க ஒரு சாவி வேண்டும். அது போனில் இருக்கும். போன் தொலைந்தால் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை எங்காவது எழுதி வை என்று பாபு எத்தனையோ தடவை சொன்னான். "எழுதி வெச்சா எவனாவது பாத்துடுவான் மச்சான். எல்லாம் இங்க கீது" என்று அண்ணன் தலையைத் தட்டிக் காட்டுவான்.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கச் செங்கல்பட்டுக்குப் போனவன், பைபாஸில் லாரி மோதி அங்கேயே செத்துப்போனான். தலையில்தான் அடி.

அதைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவனுடைய செருப்பில் ஒன்றைத்தான் கொடுத்தார்கள். இன்னொன்று கிடைக்கவில்லை என்றார்கள். நான் மறுபடியும் பைபாஸுக்குப் போய், சாலை ஓரமாக நடந்து தேடினேன். எதற்குத் தேடினேன் என்று கேட்காதீர்கள்.

கருமாதி முடியும்வரை நான் செய்த ஒரே காரியம் குளத்தைப் பார்ப்பதுதான். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திறக்கத்தான் முடியாது. குளத்தில் அண்ணனுக்கு இருந்த முகவரி எண்ணைப் போட்டால் அவன் பங்கு எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று வரும். அவன் செத்த அன்றும் கமிஷன் ஏறியிருந்தது. மறுநாளும் ஏறியது. குளத்துக்கு அவன் செத்தது தெரியாது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அண்ணன் இன்னும் எங்கேயோ வேலைக்குப் போய்வருவது மாதிரி இருக்கும். அண்ணியிடமும் காட்டுவேன். "இன்னிக்கும் வந்துச்சா?" என்று கேட்பார். வந்தது என்பேன். அப்போதே எடுப்பதற்கு அலைந்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஏறுவதைப் பார்ப்பது ஆறுதலாக இருந்தது.

வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை சார் என்னையும் பாபுவையும் ஸ்கிரீனில் கூப்பிட்டார்.

"இந்த புராஜெக்டை மூடறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிவிப்பு வரும். அதுவரைக்கும் குழுவில் யாருக்கும் சொல்ல வேண்டாம். கேட்டா, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. உங்க டோக்கனை நீங்க பாத்துக்குங்க, புரியுதா?"

எனக்குப் புரிந்தது, சத்தமில்லாமல் விற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். குளத்தைத் திறந்து பார்த்தேன். சார் தரப்பில் போட்டிருந்தவர்கள் எல்லாரும் போன வாரமே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். குளத்தில் மீதி இருந்ததில் முக்கால்வாசிக்கு மேல் அண்ணன் பங்கு. வெள்ளிக்கிழமை எல்லாரும் விற்க ஓடிவருவார்கள். அவர்களுக்குக் கிடைக்கப்போகும் டாலர் அண்ணனுடையது. அவர்கள் கொட்டிவிட்டுப் போகும் குப்பை அண்ணிக்கு மிஞ்சும்.

எடுக்க வேண்டுமானால் அண்ணனின் போன் வேண்டும். அது ஸ்டேஷனில் இருந்தது. வண்டி, போன் எல்லாம் கேஸ் பொருள். போனைத் திறக்கிற நம்பர் அண்ணிக்குத் தெரியும்.

"கோர்ட்ல கட்டியாச்சும்மா. ஆர்டர் வாங்கிகினு வா, குடுக்கறோம்" என்றார் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு. கோபமாகச் சொல்லவில்லை. அவர் வேலை அது. அங்கேயே ஒரு வக்கீலம்மாவின் நம்பரும் கொடுத்தார். வக்கீலம்மா மனு போட்டு, வியாழக்கிழமை வரச் சொன்னார்.

புதன்கிழமை பாபுவிடம் கேட்டேன்.

"உன்னாண்ட டோக்கன் எவ்ளோ கீது?"

"ஒரு வருஷ சம்பளத்துல பாதி அதான்."

"வித்தா துட்டு எங்கேர்ந்து வரும், தெரியும்ல?"

"ஏன், எனக்கு இன்னா பச்சக்கொழந்தன்னு நெனப்பா?" என்றான். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மச்சான் பொண்டாட்டி மொதல்ல எடுக்கட்டும். அப்பால நான் பாத்துக்கறேன்."

"அப்பால ஒண்ணும் இருக்காதுடா."

"அதான் தெரியும்ன்றேன்ல. பேஜாரு பண்ணாத, போ."

அந்த வியாழக்கிழமை செங்கல்பட்டு கோர்ட்டு வராந்தாவில் நானும் அண்ணியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை அண்ணியின் மடியில் தூங்கியது. வக்கீலம்மா உள்ளே போய்விட்டு வந்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி கூப்ட்ருவாங்க. ஆர்டர் வந்துட்டா சாயங்காலத்துக்குள்ள போன் கைக்கு வந்துரும்" என்றார். அண்ணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம், சாயங்காலம் என்று இரண்டு தடவை மெதுவாகச் சொன்னார். காலையிலிருந்து நாங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. நாஸ்தா வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்றார். எழுந்து போனால் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அப்போது எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கேளம்பாக்கத்து அக்கா. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இட்லி அவித்துப் போடுகிறவர். எழுத வராது, எப்போதும் குரல்தான் அனுப்புவார். குழுவில் எல்லாருக்கும் அவர் இட்லி அக்கா. நேரில் பார்த்ததில்லை. அவர் குளத்தில் போடவில்லை. சீட்டு எடுத்த பணத்துக்கு டோக்கனாக வாங்கி வைத்திருந்தார். மகளைக் காலேஜில் சேர்க்கும்போது விற்கலாம் என்று இருந்தார். போனை மெதுவாக வைத்துத்தான் கேட்டேன், ஆனாலும் அண்ணிக்குக் கேட்டது.

"சுகு கண்ணு, நான்தான். யாரோ பெரிய கை வித்துகினு கீறாங்கன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிகினு கீறாரு. நெசமா? நான் வெச்சிக்கவா, வித்துடவா? எனக்கு இன்னா தெரியும். நீ சொன்னா சரி கண்ணு."

பின்னாடி கிரைண்டர் ஓடும் சத்தம்.

அண்ணி என்னைப் பார்த்தார். "இன்னா கேக்குது அந்தம்மா?"

"விக்கலாமான்னு கேக்கறாங்க அண்ணி."

"வித்தா நம்முளுதுலேர்ந்து போவுமா?"

"போவும்."

"எவ்ளோ?"

"அவங்க ஒருத்தர் வித்தா கொஞ்சந்தான். ஆனா அவங்க வித்தா மத்தவங்களுக்கும் தெரிஞ்சிடும்."

அண்ணி குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு ரொம்ப சாதாரணமாகச் சொன்னார், கடையில் கொத்தமல்லி கேட்பது மாதிரி. "சாயங்காலம் சொல்லேன் சுகு. சாயங்காலம்தான கேக்கறேன். சொல்லாதன்னா சொன்னேன்?"

நியாயம்தான். வெள்ளிக்கிழமைவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. வியாழன் சாயங்காலம் நாங்கள் எடுத்தபிறகு சொன்னால், அக்காவுக்கு நான் பொய்யும் சொன்னதாகாது. ஆனால் நாங்கள் எடுத்தபிறகு குளத்தில் மீதி என்ன இருக்கும்? அக்கா யாரிடம் விற்பார்? சாயங்காலம் சொல்வதும் சொல்லாததும் ஒன்றுதான். அது எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியாது. நான் அண்ணியிடம் அதை விளக்கவும் இல்லை.

போனை வாயருகே வைத்து, "வித்துடுங்க அக்கா. இப்பவே வித்துடுங்க. ஏன்னு கேக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எதற்காகச் சொன்னேன் என்று அப்புறம் நிறைய யோசித்திருக்கிறேன். சார் சொல்லாதே என்றார், அண்ணியும் சாயங்காலம்வரை சொல்லாதே என்றார். நான் வாயை மூடியிருந்தால் அது சாருக்காக மூடியதா, அண்ணிக்காக மூடியதா என்று வெளியில் இருக்கும் ஒருவருக்குத் தெரியாது, அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். இது நல்ல காரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் இதெல்லாம் என் மனசில் ஓடவே இல்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கம். கேட்டார், சொல்லிவிட்டேன்.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒருவருக்குச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அக்கா விற்றார். விற்றுவிட்டுக் குழுவிலேயே குரல் பதிவு போட்டார். "சுகு விக்கச் சொல்லிச்சி. எல்லாரும் வித்துடுங்கப்பா." நல்ல மனசு. தனக்குக் கிடைத்ததை நாலு பேருக்குச் சொல்வது அவர் சுபாவம். அவ்வளவுதான். ஆளாளுக்கு விற்க ஆரம்பித்தார்கள்.

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் விற்றவர்களுக்கு நல்ல விலை. அவர்கள் எடுத்த டாலருக்குத் தக்கபடி அண்ணன் பங்கில் டாலர் குறைந்தது, டோக்கன் ஏறியது. அடுத்தவருக்கு விலை குறைவு. அதற்கடுத்தவருக்கு இன்னும் குறைவு. யாரும் திருடவில்லை. குளம் சரியாகத்தான் வேலை செய்தது. என் அண்ணன் செத்தபிறகு உட்கார்ந்து ஊரார் டோக்கனை எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தான். விலை விழ விழ இன்னும் அதிகமாக வாங்கினான். நிறுத்து என்று அவனிடம் யார் சொல்ல முடியும்? அணுபுரத்துக்காரர் கேட்டதற்குப் பதில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதே கணத்தில் கமிஷனும் ஏறியது. அவன் வாழ்நாளில் ஒரே நாளில் அவ்வளவு கமிஷன் வந்ததில்லை. போன காசோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

சார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை. பாபு மட்டும் ஒரு செய்தி அனுப்பினான். "ஆர்டர் வந்துச்சா?" இன்னும் வரவில்லை என்று போட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை அவன். கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்களைக் கூப்பிட்டார்கள். அண்ணி குழந்தையை என்னிடம் கொடுக்காமல் தூக்கிக்கொண்டே உள்ளே போனார். கையெழுத்துப் போட்டார். வக்கீலம்மா சொன்னது மாதிரியே எல்லாம் நடந்தது. யாரும் எங்களை அலைக்கழிக்கவில்லை. ஸ்டேஷனில் அதே ஏட்டு போனை ஒரு கவரிலிருந்து எடுத்து, கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடி உடைந்திருந்தது. சார்ஜ் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் சார்ஜ் போட்டோம். கடைக்காரத் தம்பி, "டிஸ்ப்ளே மாத்திடலாமாக்கா, பழைய ரேட்டுதான்" என்றான். வேண்டாம் என்றேன். போன் உயிர் வந்ததும் வால்பேப்பரில் அண்ணியும் குழந்தையும் இருந்தார்கள். கடைக்காரத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, எதிரில் நின்ற அண்ணியையும் பார்த்துவிட்டு, ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

அண்ணி நம்பரைப் போட்டார். நான் அண்ணன் பங்கைத் திறந்தேன். பத்தில் ஒரு பங்கு டாலர்கூட இல்லை. டோக்கன் மட்டும் மலையாக இருந்தது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அண்ணி."

அழுவார் என்று நினைத்தேன். விரலால் கண்ணாடியில் இருந்த உடைசலைத் தடவினார்.

"இத எடுத்துட்டா அந்தக் கொளத்துல இன்னா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. இன்னும் விக்காதவங்க இனிமே விக்கவே முடியாது. பாபுவும்தான்."

"உன்னுது?"

"என்னுதும்தான்."

"உட்டுட்டா?"

"ராத்திரிக்குள்ள இதையும் வந்து எடுத்துகினு போய்டுவாங்க."

"யாரு?"

"தெரியாது அண்ணி. பேரு தெரியாதவங்க."

"நீ தெரிஞ்சவங்களப் பாத்துச் சொன்ன" என்றார் அண்ணி. "எனக்கு அதுல யாரையும் தெரியாது." எடுக்கிற பட்டனை அழுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் குழுவில் கேள்விகள் வர ஆரம்பித்தன. விலையே காட்டவில்லை, என்ன ஆச்சு, விற்க முடியவில்லை, யாராவது சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே நான் பதில் எழுதினேன். குளத்தில் ஒன்றும் இல்லை, கடைசியாக இருந்தவர்கள் எடுத்துவிட்டார்கள், அது எங்கள் வீடுதான், இனி விற்க முடியாது, கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். திட்டினார்கள். ஒவ்வொன்றையும் படித்தேன். அதுதான் நான் அந்த வேலையில் கடைசியாகச் செய்தது. பாபு தன் டோக்கனைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. இப்போது உங்களுக்கு வேலை சொல்லித் தருகிறவன் அவன். சிடுசிடு என்று இருப்பான். ஒன்றும் நினைக்காதீர்கள்.

அண்ணி மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. திருக்கழுக்குன்றத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றார். துணிமணி என்றேன். பிறகு யாரையாவது அனுப்புகிறேன் என்றார். லீஸ் வீட்டுக்காரருக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். தலையாட்டினார்.

"உங்க அண்ணன் இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. நீ செய்தது சரி என்று அண்ணன் சொல்லியிருப்பான் என்று சொல்லிவிட்டால், எனக்கும் கொஞ்சம் தூக்கம் வரும். ஆனால் அவனை எனக்குத் தெரியும்.

"மொதல்ல நம்முளுத எடு, அப்பால ஊருக்குச் சொல்லுன்னு சொல்லியிருப்பான் அண்ணி."

"ஆமா" என்றார். "அப்டித்தான் சொல்லியிருப்பாரு."

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையின் தலையில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துப் போட்டார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்த இட்லிக்காரம்மா பொண்ணு இன்னா படிக்கப்போவுதாம்?"

"நர்சிங் அண்ணி."

பஸ் போய்விட்டது.

நான் இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். அண்ணி அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் அனுப்பும் பணத்தை மட்டும் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்கிறார். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

உங்களில் யாருக்காவது ஒருநாள் அப்படி ஒரு குரல் வரும். அன்றைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு மறுபடியும் வந்தால் அக்காவுக்கு அதே பதிலைத்தான் சொல்வேன். ஆனால் போனை எடுப்பதற்கு முன்னால் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து, நான் சொல்லத்தான் போகிறேன், சாயங்காலம் சொன்னால் அந்த அக்காவுக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவரிடம் முதலில் சொல்வேன். அவர் கத்தினால் கத்தட்டும் என்று இருப்பேன். அவரைத் தாண்டி அனுப்ப மாட்டேன்.

காசு அப்போதும் போயிருக்கும்.